லைட்டை மூடுகிற ஆங்கிலம்

"ஏன் பிள்ளை, ஜப்பான்காரனுக்கு இங்கிலிஸ்காரர் ஒருத்தரும் கிடைக்கேல்லையாமோ?"

கேட்டவர் கர்க்லாண்ட் மாமா. மாமா என்பது மரியாதைக்கு. இரத்த உறவு ஏதும் இல்லை. அப்பா மொன்றியலுக்கு வந்த புதிதில் இவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தார். அவர் யாழ்ப்பாணம், அப்பா மட்டக்களப்பு. அவர் பிறகு கணினி படித்து, கர்க்லாண்டில் இரண்டு கார் நிற்கும் வீடு வாங்கிப் போய்விட்டார். அப்பா லாசாலில் பாண் தொழிற்சாலையோடு நின்றுவிட்டார். அந்த வித்தியாசத்தால், எங்கள் வீட்டில் எடுக்கப்படும் எந்த முடிவைப் பற்றியும் கருத்துச் சொல்லும் உரிமை அவருக்குத் தானாக வந்து சேர்ந்திருந்தது. தேத்தண்ணி குடிப்பார், கருத்துச் சொல்வார், காரை எடுத்துக்கொண்டு போவார்.

அன்று அம்மா தேத்தண்ணியோடு சேர்த்து என் செய்தியையும் மேசையில் வைத்திருந்தார்.

"அண்ணன், இவளுக்கு ஜப்பான்ல வேலை கிடைச்சிரிக்கு. பள்ளிக்கூடத்தில இங்கிலீசு படிப்பிக்கிற வேலை."

அதற்குத்தான் அந்தக் கேள்வி. பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விளக்கமும் சொன்னார்.

"நான் பகிடிக்குக் கேக்கேல்லை. நீ படிச்சது முழுக்கப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வீட்டில கதைக்கிறது தமிழ். இங்கிலிஸை எங்க படிச்சனி? பஸ்ஸிலயோ?"

"ஓம் மாமா, பஸ்ஸிலதான்," என்றேன்.

அவர் சிரித்தார். விருந்தாளிக்காக அப்பாவும் சிரித்தார். நான் சொன்னது உண்மை என்று இருவருக்கும் தெரியாது.

தாயோ தகப்பனோ இந்த நாட்டில் ஆங்கிலத்தில் படித்திருந்தால்தான் பிள்ளை ஆங்கிலப் பள்ளிக்குப் போகலாம் என்பது எங்கள் கெபெக் மாகாணத்தின் சட்டம். என் பெற்றோர் எந்த நாட்டிலும் எந்த மொழியிலும் அதிகம் படிக்கவில்லை. சண்டையும் இடம்பெயர்வும் அவர்களை ஆரம்ப வகுப்புகளிலேயே வெளியே எடுத்துவிட்டன. ஆகவே எனக்குப் பிரெஞ்சு. பதினேழு வயதில்தான் மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த ஆங்கிலக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். லாசாலில் இருந்து அங்கே போவதற்கு பஸ் மாறி பஸ் ஏற வேண்டும். அந்தப் பயணங்களில் பின் இருக்கைகளில் தொலைபேசியில் காதலர்களை ஏசிக்கொண்டு வந்த பெண்களிடமிருந்து நான் கற்ற ஆங்கிலத்தை எந்த விரிவுரையாளரும் தரவில்லை. நிபந்தனை வாக்கியங்களை அவர்களைவிடத் தெளிவாக யாரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரி, பல்கலைக்கழகம் எல்லாவற்றுக்கும் முதல் ஆள் நான்தான். இப்படியான விஷயங்களை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அடக்கம் வருவதில்லை. ஆசிரியை ஆக வேண்டும், வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதில் இருந்தே பிடித்த பைத்தியம். ஜப்பான் வேலையின் விளம்பரத்தில் 'உதவி ஆங்கில ஆசிரியை' என்று போட்டிருந்தது. அதில் 'உதவி' என்ற சொல்லை என் கண் தாண்டிப் போய்விட்டது.

நேர்முகத் தேர்வு நகரத்தின் நடுவே ஒரு உயரமான கட்டடத்தில் நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கனவான் என் விவரங்களைப் புரட்டினார். தாய்மொழி தமிழ். கல்வி மொழி பிரெஞ்சு. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"அப்படியானால் ஆங்கிலம்...?" என்று ஆங்கிலத்தில் இழுத்தார்.

"இப்போது நாங்கள் அதில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம், ஐயா," என்றேன் அதே ஆங்கிலத்தில்.

வேலை கிடைத்தது.

என்னை அனுப்பியது வடக்கே, பனி கொட்டும் ஒரு சிறிய ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு. மொன்றியல்காரிக்குப் பனியைக் காட்டிப் பயமுறுத்த முடியாது. அந்த வகையில் நான் அவர்களுக்கு ஏமாற்றம். இன்னொரு ஏமாற்றம் வாசலிலேயே காத்திருந்தது. கனடாவில் இருந்து வரும் புதிய ஆசிரியையை வரவேற்கப் பிள்ளைகள் ஒரு பெரிய படம் வரைந்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் முடி, நீலக் கண், கையில் மேப்பிள் இலை. என்னைக் கண்டதும் படம் வரைந்த மாணவி வெட்கத்தில் சிவந்து, ஒரு கறுப்புப் பேனையை எடுத்து வந்து முடியை அவசரமாகத் தீட்டினாள். கண்ணை மறந்துவிட்டாள். அந்த வருடம் முழுவதும் நான் நீலக் கண்ணோடு அந்தப் பலகையில் தொங்கினேன்.

ஆங்கில வகுப்புக்குப் பொறுப்பான ஆசிரியர் ஐம்பதைத் தாண்டியவர். கழுத்துப்பட்டியை ஒருநாளும் தளர்த்தாதவர். ஆங்கில இலக்கணத்தை எலும்பு எலும்பாகக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு கோப்பி கேட்கச் சொன்னால் வியர்த்துவிடும். என்னோடு பாதி ஜப்பானிய மொழியிலும் பாதி பாடப்புத்தக ஆங்கிலத்திலும் பேசினார். என்னைச் 'சென்செய்' என்று அழைத்தார். ஆசிரியை என்று அர்த்தம். அந்த ஒரு சொல்லில் நான் ஒரு மாதம் மிதந்தேன்.

பிறகுதான் வேலை என்னவென்று விளங்கியது. அவர் பாடம் நடத்துவார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு கட்டத்தில் என் பக்கம் திரும்பி, "ப்ளீஸ் ரீட்," என்பார். நான், "இது என் தந்தையின் கமரா," என்று ஆங்கிலத்தில் வாசிப்பேன். வகுப்பு முழுவதும் தன் தந்தையின் கமராவைப் பற்றி ஒரே குரலில் திருப்பிச் சொல்லும். அவர் தலையை ஆட்டுவார். நான் மீண்டும் வாயை மூடிக்கொள்வேன். முன்பு இந்த வேலையைச் செய்த ஒலிப்பதிவுக் கருவி அலுமாரியின் மேல் தூசியோடு இருந்தது. சில நாட்களில் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

வெண்கட்டி அவரிடம், சிவப்புப் பேனையும் அவரிடம். பரீட்சைத் தாள் திருத்த நானும் உதவட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கால் 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தார். ஜப்பானில் முடியாது என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், காற்றை இழுப்பார்கள். எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்று சொல்வதற்கு அங்கே அதுதான் ஈடு.

ஒரே ஒரு சலுகை கிடைத்தது. வாரத்தில் ஒரு தடவை, பாடம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, மொன்றியல் படங்களைத் திரையில் காட்டலாம். வீட்டுக்கு வெளியே வளைந்து இறங்கும் இரும்புப் படிகள், மெட்ரோ, பனிக்குள் புதைந்த கார்கள். படம் தெளிவாகத் தெரிய வெளிச்சம் இருக்கக் கூடாது. எனவே முதல் நாளே சுவிச்சுக்குப் பக்கத்தில் இருந்த மாணவியைப் பார்த்து, "க்ளோஸ் த லைட், ப்ளீஸ்," என்றேன்.

எங்கள் வீட்டில் அம்மா, "லைட்ட நூத்துப்போட்டு வா புள்ள," என்பார். நூப்பது என்றால் அணைப்பது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர் லைட்டை மூடச் சொல்வார்; கெபெக் பிரெஞ்சில் வெளிச்சம் என்பது திறக்கவும் மூடவும் கூடிய ஒரு பொருள். அந்தப் பிரெஞ்சின் பக்கத்திலேயே வளர்ந்த எங்கள் ஆங்கிலமும் அப்படியே பழகிவிட்டது. பஸ்ஸில், கல்லூரியில், தெருமுனை டெப்பனர் கடையில், யாரைக் கேட்டாலும் லைட்டை மூடு, ரீவியைத் திற என்றுதான் ஆங்கிலம் பேசுவார்கள். லாசாலில் பிறந்தவளுக்குக் கதவும் லைட்டும் ஒரே இனம்.

அந்த மாணவி கையை உயர்த்திச் சுவிச்சை அழுத்தினாள். வகுப்பு இருட்டானது. பின்வரிசையில் யாரோ, "க்ளோஸ் த லைட்!" என்று கத்தினார்கள். எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அடுத்த வாரம் நான் சொல்லும் முன்பே கத்தினார்கள். மாதம் ஒன்று போனபோது நடைபாதையிலும் மலசலகூடத்திலும் உடற்பயிற்சி மண்டபத்திலும் அந்த வாக்கியம் கேட்டது. தந்தையின் கமராவைப் பற்றி யாரும் தாமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இது யாரும் கேட்காமலேயே அவர்கள் வாயில் இருந்து வந்த முதல் ஆங்கிலம். நான் கற்பித்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

தவணைப் பரீட்சையில் ஒரு படம் வந்தது. ஒரு பையன் அறையை விட்டு வெளியேறுகிறான், விளக்கு எரிகிறது, தாய் விரலை நீட்டி ஏதோ சொல்கிறாள். அவள் சொல்வதை ஆங்கிலத்தில் எழுதுக.

பாடப்புத்தகப்படி அவள், "டேர்ன் ஓஃப் த லைட்" என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் அந்த ஊரின் எல்லாத் தாய்மாரும் மொன்றியல்காரிகளாக இருந்தார்கள்.

ஆசிரியர் தாள் கட்டோடு என் மேசைக்கு வந்தார். கையிடுக்கில் மூன்று அகராதிகள்.

"சென்செய், ஒரு சிறிய கேள்வி. இது பிழையா?"

"பிழை இல்லை."

"மூன்று அகராதியிலும் இல்லை."

"மொன்றியலில் இருக்கிறது."

அவர் யோசித்தார். காற்றை இழுத்தார். "மொன்றியலில் பேசுவது பிரெஞ்சு அல்லவா?"

பாதி உலகத்தைத் தாண்டிப் பறந்து வந்தும் கர்க்லாண்ட் மாமா கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். வித்தியாசம் ஒன்றுதான்: இவர் உண்மையாகவே தெரியாமல் கேட்டார். எது சரி என்று என் காதுக்குத் தெரியும். ஏன் சரி என்று கேட்டால் வாய் அடைத்துவிடும். பஸ்ஸில் படித்ததில் உள்ள ஒரே குறை அது.

ஜப்பானில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். நாங்கள் சரி என்று போடும் அடையாளம் அங்கே பிழைக்கு. அதுவும் இல்லாமல் இதுவும் இல்லாமல் இருக்கும் விடைக்கு முக்கோணம். அவர் நியாயமான மனிதர். வகுப்பு முழுவதற்கும் முக்கோணம் போட்டார். பிள்ளைகள் என்னிடம் வந்து முறையிட்டார்கள். திருத்துவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. சென்செய் என்றால் திருத்த முடிய வேண்டுமே என்று அவர்கள் முகம் கேட்டது.

விஷயம் பள்ளியின் பிரதி அதிபர் வரை போனது. அவர் எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். அப்போதே தெரிந்தது நல்ல செய்தி இல்லை என்று. குளிர்காலத்தில் எங்கள் பள்ளியில் ஒரு திறந்த பாடம் நடக்க இருந்தது. அயல் பள்ளி ஆசிரியர்கள் வந்து பின்சுவரோடு நின்று பார்த்து, பிறகு கூட்டம் போட்டு விமர்சிப்பார்கள். கல்விச் சபையில் இருந்து ஒரு அதிகாரியும் வருவார். உதவி ஆசிரியைகளை அடுத்த வருடமும் வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானிப்பவர் அவர்தான்.

"அன்றைய பாடத்தில் சரியான ஆங்கிலம் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி," என்றார் பிரதி அதிபர், தேநீரைப் பார்த்தபடி.

ஆங்கிலம் தெரியாத ஆங்கில டீச்சர் என்று திரும்பிப் போனால் லாசாலில் எங்கள் மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு யார் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அதைவிட மோசமான ஒன்றும் தெரிந்தது. எந்த வகுப்பும் பிறகு எனக்கு வகுப்பாகத் தெரியாது. எங்கே நின்றாலும் யாராவது அகராதியோடு வருவார்கள் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

திறந்த பாடத்துக்கு ஆசிரியர் நிமிடக் கணக்கில் ஒரு திட்டம் எழுதினார். அதில் எனக்கென்று ஒரு நிரல் இருந்தது. நிற்கிறார். புன்னகைக்கிறார். வாசிக்கிறார். படங்களுக்கு முன்னால் மட்டும் தடித்த எழுத்தில் ஒரு வாக்கியம்: டேர்ன் ஓஃப் த லைட். அதை நான் பயிற்சி செய்தேன். எத்தனையோ வருடம் லைட்டை மூடிய வாய்க்கு அது எளிதாக வரவில்லை. அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன்.

"என்ன மகள், திருப்பித் திருப்பி ஒண்டையே சொல்லுறாய்?"

"லைட்ட நூக்கச் சொல்லுறன் அம்மா. சரியான இங்கிலீசில."

"டேர்ன் எண்டா திரும்புறதெல்லோ?"

"ஓம்."

"லைட் என்ன பஸ்ஸா புள்ள, சந்தியில திரும்ப?"

அம்மா லாசாலில் ஒரு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிறார். ஆங்கிலமும் பிரெஞ்சும் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் தெரியும். நான் கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் கேட்டது நியாயம் என்று பட்டதுதான் கோபத்துக்குக் காரணம்.

அந்த நாள் வந்தது. கறுத்த உடுப்பும் பள்ளிச் செருப்பும் அணிந்த விருந்தினர்கள் பின்சுவரோடு வரிசையாக நின்றார்கள். அதிகாரி நடுவில், கையில் பேனையோடு. வகுப்பு அசையவில்லை. திட்டப்படி நான் நின்றேன், புன்னகைத்தேன், வாசித்தேன். படங்களுக்கு நேரம் வந்தது. சுவிச்சுக்குப் பக்கத்து மாணவியைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து அடுக்கி, "ப்ளீஸ் டேர்ன் ஓஃப் த லைட்," என்றேன்.

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இருந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி நின்றாள்.

முந்தின மாதம்தான் வழி கேட்கும் பாடம் முடிந்திருந்தது. வங்கியில் இடப்பக்கம் திரும்பு, தபாற்கந்தோரில் வலப்பக்கம் திரும்பு. 'டேர்ன்' என்றால் என்ன என்று அவளுக்குத் திட்டவட்டமாகத் தெரியும். 'டேர்ன் ஓஃப்' புத்தகத்தில் இருந்ததே தவிர, அதை யாரும் வாயால் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. அவளைப் பார்த்து அந்த வரிசையில் இன்னும் இரண்டு பேர் எழுந்து கூரை விளக்கை நோக்கித் திரும்பினார்கள். நான் மறுபடி சொன்னேன், இன்னும் மெதுவாக, இன்னும் சத்தமாக, காது கேளாத முதியவர்களிடம் பேசுவது போல. நாலாவது பிள்ளையும் எழுந்து திரும்பியது. பின்னால் அதிகாரியின் பேனை ஓடத் தொடங்கியது.

ஆசிரியரைப் பார்த்தேன். அவர் காதுகள் இரண்டும் சிவந்திருந்தன. திட்டத் தாளைப் பார்த்தார். அதில் இந்த நிமிடத்துக்கு அவருக்கு எந்த வசனமும் இல்லை. தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார். பாடப்புத்தகத்தில் இல்லாததை அவர் பேசி நான் கேட்ட முதல் ஆங்கிலம் அப்போதுதான் வந்தது.

"க்ளோஸ் த லைட், ப்ளீஸ்."

அவர் முடிக்கும் முன்பே சுவிச்சின் மேல் மூன்று கைகள் விழுந்தன. இருட்டு. இருட்டுக்குள் வழக்கப்படி முழு வகுப்பும், "க்ளோஸ் த லைட்!" என்று கூரை அதிரக் கத்தியது. விருந்தினர் ஒருவர் பயந்து சுவரில் முட்டிக்கொண்ட சத்தம் கேட்டது.

பிறகு நடந்த விமர்சனக் கூட்டத்தில் எல்லோரும் நாகரிகமாகப் பேசினார்கள். மாணவர்களின் குரல் வளமானது என்றார் ஒருவர். உடல் அசைவோடு கற்பிப்பது நல்ல முறை என்று இன்னொருவர், பிள்ளைகள் சுற்றியதைப் பாராட்டினார். அதிகாரி மட்டும் நேராகக் கேட்டார்.

"அந்த வாக்கியம், லைட்டை மூடுவது, சரியானதா?"

ஆசிரியர் எழுந்தார். காற்றை இழுப்பார் என்று எதிர்பார்த்தேன். இழுக்கவில்லை.

"மொன்றியலில் வட்டம். பரீட்சையில் முக்கோணம்," என்றார்.

அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் அவருக்கு நன்றி சொல்லவில்லை. நன்றியோடு நின்றால் பழையபடி பக்கத்தில் நிற்க வேண்டியதுதான் என்று தோன்றியது.

"அடுத்த வாரம் ஒரு முழுப் பாடம் நான் எடுக்கிறேன். வெண்கட்டியோடு," என்றேன்.

இப்போது இழுத்தார் காற்றை, நீளமாக. ஆனால் அதற்குப் பிறகு, "பாதிப் பாடம்," என்றார். எங்கள் ஆட்களிடம் 'பாப்பம்' என்பதற்குப் பிறகு எதுவும் வருவதில்லை.

அந்தப் பாதிப் பாடத்துக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையை முழுதாகக் கொடுத்தேன். மூன்று அகராதிகளையும் அவரிடமே கேட்டு வாங்கினேன். 'டேர்ன்' என்றால் திருகுவதும்தான். குழாயைத் திருகி நீரை நிறுத்துவது போல, முன்பு எரிவாயு விளக்கிலும் ஒரு திருகு இருந்தது. அதைத் திருகினால் வெளிச்சம் நின்றுவிடும். விளக்கு போய்விட்டது, திருகுவது மட்டும் பேச்சில் மிஞ்சியது. இதைக் கரும்பலகையில் படமாக வரைந்தேன். என் படம் குழாயைப் போலவும் இல்லை, விளக்கைப் போலவும் இல்லை. பிள்ளைகளுக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அதுதான். சொன்னபோது, "மறுகா இப்ப ஆர் திருகுறா? சுவிச்சுத்தானே," என்றார்.

பிறகு வகுப்பிடம் கேட்டேன்: நீங்கள் பேசும் எந்தச் சொல்லுக்குத் தலைநகரத்தார் சிரிப்பார்கள்?

ஜன்னலோரம் இருந்த ஒரு மாணவி, புதிதாக டோக்கியோவில் இருந்து வந்து சேர்ந்தவளைக் கையால் காட்டி, "அவளிடம் கேளுங்கள் சென்செய்," என்றாள். வகுப்பு வெடித்தது. ஜப்பானிய மொழியில் பந்தை எறிய ஒரு சொல், குப்பையைக் கொட்ட இன்னொரு சொல். இந்த வடக்கு ஊரில் இரண்டுக்கும் பந்துச் சொல்தான். வந்த முதல் நாள், துப்புரவு நேரத்தில், குப்பைப் பையைக் கொடுத்து எறிந்துவிட்டு வா என்றிருக்கிறார்கள். அவள் சொன்னபடி வகுப்பின் குறுக்கே எறிந்தாளாம்.

"யார் மேல் விழுந்தது?" என்று கேட்டேன்.

எல்லோரும் திரும்பி வகுப்பின் பின்னால் இருந்த ஆசிரியரைப் பார்த்தார்கள். அவர் ஜன்னல் வழியே பனியைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அன்று பாதிப் பாடம் முழுப் பாடமாகிவிட்டது. நேரத்தைச் சொல்ல அவரும் மறந்துவிட்டார், அல்லது மறந்தது போல இருந்தார். இரண்டு வாக்கியத்தையும் பிள்ளைகள் எழுதினார்கள். எதை யாரிடம் சொல்வது என்றும் எழுதினார்கள். பழைய முக்கோணங்கள் வட்டமாகவில்லை. அவர் கொள்கைக்காரர்.

ஒப்பந்தம் நீடித்தது. இரண்டாம் வருடம் வாரத்தில் ஒரு பாடம் எனக்கென்று வந்தது. பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால், 'அப்படித்தான் சொல்வோம்' என்று தப்பாமல், அன்று தெரியாவிட்டால் மறுநாள் தேடி வந்து சொல்லப் பழகினேன். இதுவரை நான் படித்த பாடங்களில் இதைத்தான் நான் உண்மையாகப் படித்தேன் என்று நினைக்கிறேன். இரண்டாம் வருட முடிவில் அதே அதிகாரி மூன்றாம் வருடத்துக்கான தாளோடு வந்தார். மிகவும் திருப்தி என்றார்.

"எத்தனை வருடம் உதவி ஆசிரியையாக இருந்தால் ஆசிரியை ஆகலாம்?" என்று கேட்டேன்.

அவர் இழுத்த காற்றில் மேசையில் இருந்த தாள் அசைந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். உதவி ஆசிரியை எத்தனை வருடம் இருந்தாலும் உதவி ஆசிரியைதான். ஆசிரியைக்குப் பயிற்சியும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். அது வேறு பாதை.

தாளைக் கையெழுத்திடாமல் இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தேன். அங்கே எதையும் இரண்டு கையால்தான் கொடுக்க வேண்டும்.

மொன்றியலுக்குத் திரும்பியதும் பிரெஞ்சுப் பள்ளிகளுக்குப் பொறுப்பான அலுவலகத்துக்குப் போனேன். ஆசிரியர்கள் போதவில்லை என்று எல்லாச் செய்தியிலும் அழுதுகொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி "பொன்ஜூர்" சொல்லி, என் விவரங்களைப் பார்த்து, முகம் மலர்ந்தார்.

"உதவியாளராக அனுபவம் இருக்கிறது. அருமை. உதவியாளராகவே ஒரு இடம் இருக்கிறது," என்றார் பிரெஞ்சில்.

"உதவியாளர் வேண்டாம்," என்றேன். "ஆங்கில ஆசிரியை ஆக என்ன செய்ய வேண்டும்?"

அவர் சொன்னார். பல்கலைக்கழகத்தில் கற்பித்தல் பட்டம். அதில் தேற, பிரெஞ்சு மொழிப் பரீட்சை.

"ஆங்கிலம் படிப்பிப்பதற்கா?"

"ஆம், மாடாம். ஆங்கிலம் படிப்பிப்பதற்குத்தான். அந்தப் பரீட்சையில் பலர் விழுந்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர்களுக்கு மிகவும் கஷ்டம்."

நான் அந்த அலுவலகத்திலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவருக்குக் காரணம் விளங்கவில்லை. நானும் விளக்கவில்லை. அந்த மொழியின் வினைச்சொற்களை ஆறு வயதில் இருந்து என் மண்டையில் அடித்து இறக்கியிருக்கிறார்கள். பரீட்சைக்குப் போனேன், எழுதினேன், முதல் தடவையிலேயே சித்தியடைந்தேன். பக்கத்து இருக்கையில் மூன்றாம் தடவையாக எழுத வந்திருந்தவர், நான் எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று கேட்டார். லாசாலில், என்றேன்.

இப்போது மாலையில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். பகலில், தற்காலிக அனுமதியோடு, ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு ஆங்கிலம் கொடுத்திருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் என் கடிதப் பெட்டியின் மேல் செயலாளர் பழக்கதோஷத்தில் 'உதவியாளர்' என்று அச்சடித்து ஒட்டியிருந்தார். உரித்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்து, சரியான சொல்லைப் போட்டு அச்சடித்துத் தரும்வரை அங்கேயே நின்றேன். முதல் வாரத்துப் பரீட்சைத் தாள்களை நேற்று என் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுத்துவிட்டேன். இரண்டு பிள்ளைகளின் பெற்றோர் மதிப்பெண் பற்றிப் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை வரச் சொல்லிப் பதில் அனுப்பியிருக்கிறேன்.